ஐந்து ஸ்டேஷன் ரீலோடிங் பிரஸ்: பிரைமர் உயர்ந்து நிற்கிறது, பவுடர் சிதறுகிறது, எதிலிருந்து தொடங்குவது?

பிளேனோவாசி:

வணக்கம். டெக்சஸில் எங்கள் வட்டாரத்தில் நடக்கும் யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கச் செயல்முறைத் துப்பாக்கி சுடும் சங்கம்) கைத்துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறேன். அதற்குத் தேவையான 9 மி.மீ. தோட்டாக்களை, சுட்ட காலிக் கூடுகளில் பிரைமர், பவுடர், குண்டு ஏற்றி, இதுவரை ஒற்றை ஸ்டேஷன் பிரஸ்ஸில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன். பயிற்சி கூடக்கூட அது போதாமல் போனதால், ஒருவர் பயன்படுத்தி விற்ற ஐந்து ஸ்டேஷன் புரோகிரசிவ் பிரஸ் ஒன்றை வாங்கி, கராஜில் உள்ள மேசையில் பொருத்தியிருக்கிறேன். கைப்பிடியை இழுத்துத் திரும்பத் தள்ளும்போது கூடுகளைப் பிடித்திருக்கும் ஷெல் பிளேட் தானாகவே அடுத்த ஸ்டேஷனுக்குச் சுழலும் வகையைச் சேர்ந்தது அது.

மூன்று குறைகள் தொடர்ந்து வருகின்றன. முதலாவது, சில கூடுகளில் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) கூட்டின் அடிமட்டத்துக்கு உள்ளே இறங்காமல் சற்று வெளியே நிற்கிறது. அரிதாகச் சாய்ந்து நசுங்கியும் வருகிறது. இரண்டாவது, பவுடர் விழுந்த கூடு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும்போது பிளேட் வெடுக்கென்று நிற்பதால், பவுடர் துகள்கள் வெளியே தெறித்து மேடையெங்கும் பரவுகின்றன. மூன்றாவது, குண்டைப் பொருத்திய பின் தோட்டாவின் மொத்த நீளம் 1.130 அங்குலத்திலிருந்து 1.141 அங்குலம் வரை மாறி மாறி வருகிறது. ஒற்றை ஸ்டேஷன் பிரஸ்ஸில் இதே டைகள் (கூட்டைச் சுருக்கி, குண்டைப் பொருத்தும் அச்சுகள்) இவ்வளவு வேறுபாட்டைக் காட்டியதில்லை.

கூடுகளைத் தானாக ஊட்டும் கேஸ் ஃபீடர், குண்டுகளை ஊட்டும் புல்லட் ஃபீடர், முடிந்தால் மோட்டார் டிரைவ் ஆகியவற்றைச் சேர்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். இந்தக் குறைகளைச் சரிசெய்வதற்கும் அந்த மேம்பாடுகளுக்கும் எந்த வரிசை முறையானது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைக்காரர்:

வணக்கம். எந்த உதிரிப்பாகத்தையும் வாங்குவதற்கு முன் ஷெல் பிளேட்டின் நடு போல்ட்டைப் பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் பொதுவான காரணம் அங்கே இருக்கக்கூடும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பிளேட் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் அசையக் கூடாது. இந்த இரண்டையும் தீர்மானிப்பது அந்த ஒரு போல்ட்தான். அது தளர்ந்திருந்தால், பிரைமரைக் கீழிருந்து அழுத்தும்போது கூட்டோடு சேர்ந்து பிளேட்டும் மேலே எழும்பும். நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தின் ஒரு பகுதி பிளேட்டைத் தூக்குவதிலேயே செலவாகிவிடுவதால், பிரைமர் முழுமையாக இறங்காது. குண்டைப் பொருத்தும் ஸ்டேஷனிலும் பிளேட் ஒரு பக்கமாகச் சாய்வதால் நீளம் மாறும். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலோ, பிளேட் தன் இடத்தை முழுமையாக அடையாமல் ஒரு நூலிழை முன்னதாகவே நின்றுவிடும். அப்போது பிரைமர், அது அமர வேண்டிய குழியான பாக்கெட்டின் விளிம்பில் மோதிச் சாயும்.

எல்லாக் கூடுகளையும் பிரைமர்களையும் எடுத்துவிட்டு, பிளேட்டின் விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அசைவு கைக்குத் தெரிந்தால் போல்ட்டைக் கழற்றி, பிளேட்டை எடுத்து, அதன் அடிப்பக்கத்தையும் மேடையையும் துணியால் நன்கு துடையுங்கள். தெறித்த பவுடர் துகள்களும் பழைய பிரைமரின் கரியும் பிளேட்டுக்கு அடியில் சேர்ந்து அதை ஒரு பக்கமாக உயர்த்திப் பிடித்திருப்பது மிகவும் சாதாரணம். பிறகு போல்ட்டை முழுவதும் இறுக்கி, பிளேட் தடையின்றிச் சுழலத் தொடங்கும் வரை மட்டும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பக்கவாட்டில் உள்ள செட் ஸ்குரூவால் பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால் பிரஸ்ஸின் அதிர்விலேயே போல்ட் மறுபடியும் கழன்றுகொள்ளும். பயன்படுத்திய பிரஸ்களை வாங்குபவர்களுக்கு இந்த செட் ஸ்குரூதான் பெரும்பாலும் தளர்ந்த நிலையில் வந்து சேர்கிறது.

பிரைமர் விஷயத்தில் பிளேட்டுக்கு அப்பாலும் சில காரணங்கள் உண்டு. நீங்கள் சுடுகளத்தில் பொறுக்கிய கூடுகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் சிலுவை பொறித்த நேட்டோ கூடுகள் கலந்திருக்கும். அவற்றில் பிரைமர் கழன்றுவிடாமல் இருக்கப் பாக்கெட்டின் விளிம்பை உள்நோக்கி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) ரீமர் கொண்டு சீவி நீக்கியோ சரிசெய்யாத வரை புதிய பிரைமர் உள்ளே போக மறுக்கும், அல்லது நசுங்கும். இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாது. முதல் ஸ்டேஷனில் பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியின் நுனியில் அந்தப் பிரைமர் ஒட்டிக்கொண்டு, கூடு கீழே இறங்கும்போது மறுபடியும் பாதியளவு பாக்கெட்டுக்குள் இழுக்கப்பட்டுவிடும். அதன் மேல்தான் புதிய பிரைமர் மோதுகிறது. ஊசியின் நுனியை அரத்தால் சற்று உருட்டினாற்போல் தேய்த்தால் இது குறையும். ஸ்பிரிங் வைத்த ஊசிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

சரியாகப் பொருந்திய பிரைமர், கூட்டின் அடிமட்டத்தைவிட ஏறத்தாழ 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்கும். விரலால் தடவியே உணரலாம். முடித்த தோட்டாவைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தும்போது தள்ளாடினால், பிரைமர் வெளியே நிற்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தோட்டாவை மீண்டும் பிரஸ்ஸில் வைத்துப் பிரைமரை அழுத்த முயலக் கூடாது. பவுடரும் குண்டும் உள்ளே இருக்கும் நிலையில் பிரைமரின் மீது அழுத்தம் கொடுப்பது, வெடிக்கும் வாய்ப்பைக் கையருகே வைத்துக்கொள்வதாகும். குண்டைப் பிரித்தெடுக்கும் கருவியால் அதைப் பிரித்துவிடுங்கள்.

நூறுகெஜம்:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். பவுடர் தெறிப்பதைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிளேட் அடுத்த இடத்தில் நிற்பதற்குக் காரணம், அதன் அடியில் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும் டிடென்ட் பந்து பிளேட்டில் உள்ள குழியில் விழுவதுதான். ஸ்பிரிங் கடினமாக இருந்தால், பந்து குழியில் விழும் கடைசி நொடியில் பிளேட் குதித்து நிற்கும், பவுடரும் அதோடு சேர்ந்து குதிக்கும். ஹார்னடியின் லாக்-என்-லோட் பிரஸ்ஸில் இந்தச் சுழற்சியைப் பாதி கைப்பிடி இறங்கும்போதும், மீதி கைப்பிடி ஏறும்போதும் நிகழும்படி அமைத்திருப்பதால், அங்கே இந்தத் தொல்லை குறைவு. உங்கள் பிரஸ்ஸில் முழுச் சுழற்சியும் ஒரே வீச்சில் நடக்கிறது. ஸ்பிரிங்கிலிருந்து ஒரு சுற்றை வெட்டிவிட்டால் அதிர்ச்சி குறைந்துவிடும். பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். பிளேட் போல்ட்டுக்கு அடியில் ஊசி பேரிங் ஒன்றைச் செருகினால் சுழற்சி இன்னும் மென்மையாகும்.

பாலைநிலத்தான்:

ஸ்பிரிங்கை வெட்டும் யோசனையுடன் நான் உடன்படவில்லை. வெட்டிய ஸ்பிரிங் எவ்வளவு விசை தரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விசை குறைவாகப் போய்விட்டால் பந்து குழியில் உறுதியாக அமராது, பிளேட் ஒரு கூட்டின் நிலையைச் சற்றே தவறவிடும், பிரைமர் மறுபடியும் சாயத் தொடங்கும். ஒரு குறையை நீக்கி மற்றொன்றை வாங்கிக்கொள்வதாக அது முடியும். அந்தந்த பிரஸ்ஸுக்கென்றே மென்மையான ஸ்பிரிங்குகள் விற்பனைக்கு உள்ளன, விலையும் மிகக் குறைவு. பழைய ஸ்பிரிங்கை முழுமையாக வைத்துக்கொண்டு புதியதைப் போட்டுப் பாருங்கள். ஊசி பேரிங் நல்ல மேம்பாடுதான், ஆனால் அதைச் செருகிய பின் போல்ட்டின் இறுக்கத்தை முதலிலிருந்து மீண்டும் சரிசெய்ய வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எதையும் வாங்காமலே செய்யக்கூடிய ஒன்று கையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. கைப்பிடியின் பயணத்தில் பிளேட் சுழன்று முடியும் அந்தச் சிறு பகுதியில் மட்டும் வேகத்தைத் தணித்து, பிறகு பிரைமரை அழுத்துவதற்கு முன்னோக்கி உறுதியாகத் தள்ளுங்கள். எல்லா இழுப்பும் ஒரே சீராக இருப்பதுதான் இந்த பிரஸ்களுக்குத் தேவை; விரைவு அதன் பின் தானாகவே வரும். கூடுகள் டையில் சிக்கிச் சிக்கிப் போனால் கையால் சீராக இழுக்க முடியாது. கார்பைடு டைக்கு எண்ணெய் தேவையில்லை என்பது உண்மையானாலும், லானோலினை ஆல்கஹாலில் கலந்த தெளிப்பைக் கூடுகளின் மேல் இலேசாகத் தெளித்து, ஆல்கஹால் முற்றிலும் உலர்ந்த பின் பயன்படுத்தினால், இழுப்பு வியக்கத்தக்க அளவுக்கு இலகுவாகிவிடும். ஸ்டீல் ஊசிகளோடு நீரில் கழுவிப் பளபளக்கும் கூடுகளுக்கு இது இன்னும் அவசியம். அவற்றின் வாய் உட்புறம் மிகவும் சுத்தமாக இருப்பதால், வாயை விரிக்கும் பவுடர் புனலில் அவை ஒட்டிக்கொண்டு, விடுபடும்போது ஓர் அதிர்ச்சியைக் கொடுக்கும். பவுடர் தெறிப்பதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

இனி நீளம். டைகளைச் சரிசெய்யும்போது பிளேட்டில் ஒரே ஒரு கூடு மட்டும் இருந்ததா, எல்லா ஸ்டேஷன்களிலும் கூடுகள் இருந்தனவா என்பதைக் கவனியுங்கள். முதல் ஸ்டேஷனில் கூட்டைச் சுருக்கும்போது ஏற்படும் எதிர்விசை பிளேட்டையும் டைகளைத் தாங்கும் டூல்ஹெட்டையும் சற்றே வளைக்கிறது. ஆகவே பிளேட் நிறைந்திருக்கும்போதும், அடுக்கின் கடைசிச் சில தோட்டாக்களில் பிளேட் காலியாகிக்கொண்டு வரும்போதும் நீளம் வேறுபடும். குண்டைப் பொருத்தும் டையை, எல்லா ஸ்டேஷன்களும் நிறைந்த நிலையில் அளந்து பூட்டுவதே சரியான முறை. அடுத்து, பொருத்தும் தண்டின் முனை உங்கள் குண்டின் மூக்கு வடிவத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். உருண்டை மூக்குக்கான தண்டு தட்டை மூக்குக் குண்டின் மேல் பட்டால், ஒவ்வொரு குண்டையும் வேறு வேறு இடத்தில் பிடித்து அழுத்தும். பல நிறுவனங்களின் கூடுகள் கலந்திருப்பதும் சுவரின் தடிமன் வேறுபாட்டால் நீளத்தை மாற்றும்.

இது அழகுக்காகச் சொல்லும் துல்லியம் அல்ல. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐயின் தரத்தின்படி 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் 1.169 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). இந்தக் கூட்டின் உட்கொள்ளளவு மிகச் சிறியது. குண்டு திட்டமிட்டதைவிடச் சற்று ஆழமாக உட்கார்ந்தாலும் பவுடருக்கான இடம் குறைந்து அழுத்தம் விரைவாக ஏறும். எனவே மிகக் குட்டையாக வந்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பவுடர் அளவு, நீளம் இரண்டையும் அச்சான லோட் கையேட்டில் உள்ளபடியே பின்பற்றுங்கள். இணையத்தில் பிறர் சொல்லும் அளவை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், நான் சொன்னாலும் சரி.

பிளேனோவாசி:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். பட்டறைக்காரர் சொன்னது போலவே செட் ஸ்குரூ தளர்ந்திருந்தது, பிளேட்டின் விளிம்பு கைக்குத் தெரியும்படி அசைந்தது, அடியில் பவுடர் துகள்கள் கெட்டியாகப் படிந்திருந்தன. சுத்தம் செய்து, போல்ட்டைச் சரிசெய்து பூட்டியதும், உயர்ந்து நிற்கும் பிரைமர்கள் வருவது நின்றுவிட்டது. நேட்டோ குறியுள்ள கூடுகளைத் தனியே பிரித்துவிட்டேன். பிளேட் நிறைந்த நிலையில் டையை மறுபடியும் அமைத்த பின், நீளத்தின் வேறுபாடு 0.004 அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது. மென்மையான ஸ்பிரிங்குக்குச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. பிரைமர் எப்போதாவது தலைகீழாக வருகிறது. மேலும், இப்போது மோட்டார் டிரைவைப் பொருத்தலாமா?

பட்டறைக்காரர்:

தலைகீழான பிரைமருக்குப் பிரஸ் காரணமாக இருப்பது குறைவு. பிரைமர்களைத் திருப்பும் தட்டிலிருந்து குழாயில் எடுக்கும்போதே அது நிகழ்ந்துவிடுகிறது. தட்டை விளக்கொளியில் ஒருமுறை முழுவதும் பார்த்து, எல்லாம் ஒரே முகமாக இருப்பதை உறுதிசெய்த பிறகே குழாயால் அழுத்தி எடுங்கள். எடுக்கும் குழாயின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரைமர் நிரம்பிய குழாயைச் சுற்றி எஃகு உறை இருக்க வேண்டும். ஒரு பிரைமர் வெடித்தால் அடுத்தடுத்தவையும் தொடர்ந்து வெடிக்கும் வாய்ப்பு இருப்பதால்தான் அந்த உறையை வைத்திருக்கிறார்கள். அதை ஒருபோதும் கழற்றாதீர்கள். பிரைமர் சிக்கிக்கொண்டால் கம்பியால் குத்தித் தள்ளவும் கூடாது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

மோட்டாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கையால் இழுக்கும்போது, பிரைமர் சாய்வதையும் கூடு சிக்குவதையும் உள்ளங்கை உடனே உணர்கிறது. மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. அது நிற்பதற்குள் சேதம் நடந்துவிடும். பல மாதங்கள் கையால் இயக்கி, இந்த பிரஸ்ஸின் ஒவ்வொரு தடையும் எதனால் வருகிறது என்று பழகிய பிறகு யோசிக்க வேண்டிய பொருள் அது.

நான் முதலில் வாங்கச் சொல்வது பவுடர் செக் டை. பவுடர் விழும் ஸ்டேஷனுக்கும் குண்டைப் பொருத்தும் ஸ்டேஷனுக்கும் நடுவே அதைப் பொருத்தினால், கூட்டில் பவுடரின் உயரம் வழக்கத்துக்கு மேலோ கீழோ போகும்போது ஒலி எழுப்பும். சில வகைகள் கைப்பிடியையே பூட்டிவிடும். உங்களிடம் ஐந்து ஸ்டேஷன் இருப்பதன் முதன்மையான பயனே இதுதான். பவுடர் விழாத தோட்டாவில் பிரைமரின் விசையால் மட்டுமே குண்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், அதன் பின்னால் அடுத்த குண்டைச் சுட்டால் குழலே பிளக்கும். இரட்டைப் பவுடர் விழுந்த தோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையேட்டில் உள்ள பவுடர்களில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான வகையைத் தேர்ந்தெடுத்தால், இரட்டையாக விழும்போது வழிந்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதோடு ஷெல் பிளேட்டின் மேல் ஒளி விழும்படி சிறு எல்இடி விளக்கைப் பொருத்தி, குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மேம்பாடு இதைவிட வேறில்லை.

அடுத்து மேசை. கராஜ் மேசை இழுக்கும்போது அசைந்தால், பிரைமர் இறங்கும் உணர்வு கைக்கு வராது. சுவரின் மரச்சட்டங்களோடு சேர்த்து மேசையை போல்ட் போட்டுவிடுங்கள்.

கேஸ் ஃபீடர் அதன் பின். இடது கை குண்டை வைக்க, வலது கை கைப்பிடியை விட்டு எடுக்காமல் இழுக்க முடியும் என்பதால் சீர்மை கூடுகிறது. அதில் 9 மி.மீ. கூடுகளோடு .380 கூடுகள் கலந்துவிடாமல் பாருங்கள். அவற்றின் நீளம் 0.680 அங்குலம், உங்களுடையது அதிகபட்சம் 0.754 அங்குலம், வேகமாகப் போகும்போது கண் தவறவிடும். புல்லட் ஃபீடரை வாங்கினால் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் அந்த நொடி காணாமல் போய்விடும் என்பதால், பவுடர் செக் இல்லாமல் அதைப் பொருத்துவதை நான் ஆதரிக்கவில்லை.

நூறுகெஜம்:

பிரைமர் அமைப்பைப் பற்றி ஒரு கூடுதல் தகவல். டில்லன் நிறுவனத்தின் எக்ஸ்எல் 650 பிரஸ்ஸில் பிரைமர்கள் சுழலும் தட்டு ஒன்றின் வழியாக வரும். கூடு இல்லாவிட்டாலும் தட்டு நகர்ந்துவிடுவதால் பயன்படாத பிரைமர் வெளியே விழும். அதன் இடத்தில் 2019-இல் வந்த எக்ஸ்எல் 750-இல் முன்னும் பின்னும் நகரும் சட்டம் இருக்கிறது. பயன்படாத பிரைமர் கிண்ணத்திலேயே தங்கும். உங்கள் பிரஸ் இவற்றில் எந்த முறையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், இடையில் நிறுத்தும்போது பிரைமர் எங்கே இருக்கிறது என்பதில் குழப்பம் வராது. வேகத்தைவிட முழுக் கட்டுப்பாடு முக்கியம் என்று கருதுபவர்கள், நான்கு ஸ்டேஷன்களோடு பிளேட்டைக் கையால் திருப்பும் ஆர்எல் 550 போன்ற பிரஸ்ஸை இன்றும் விரும்புகிறார்கள். ஆனால் அதில் பிளேட்டைத் திருப்ப மறந்தால் அதே கூட்டில் இரண்டாம் முறை பவுடர் விழும்.

பாலைநிலத்தான்:

இடையில் நிறுத்துவது என்று வந்ததால் எழுதுகிறேன். சீராக ஓடிக்கொண்டிருக்கும் பிரஸ்ஸைவிட, ஏதோ சிக்கி நின்று, சரிசெய்து, மறுபடியும் தொடங்கும் பிரஸ்தான் ஆபத்தானது. எந்தக் கூட்டில் பவுடர் விழுந்தது, எதில் விழவில்லை என்ற ஐயம் எழுந்தால், பிளேட்டில் உள்ள எல்லாக் கூடுகளையும் வெளியே எடுத்து, பவுடரைத் தனியே கொட்டி அப்புறப்படுத்தி, முதல் ஸ்டேஷனிலிருந்து தொடங்குங்கள். பிரைமர் ஏற்றிய கூடுகளை முதல் ஸ்டேஷனில் திரும்பச் செலுத்தாமல் ஒதுக்கி வையுங்கள், ஏனென்றால் அங்கே உள்ள ஊசி உயிருள்ள பிரைமரைத் தள்ளும். தொலைபேசியோ தொலைக்காட்சியோ அருகில் வேண்டாம்.

மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பவுடர் கொள்கலமான ஹாப்பரில் மீந்ததை அதன் சொந்த டப்பாவிலேயே ஊற்றுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதிமுறைப்படி, வீட்டில் மூல டப்பாக்களில் 20 பவுண்டு வரை புகையில்லாப் பவுடரும், 10,000 வரை பிரைமர்களும் வைத்திருக்கலாம். ஆனால் நகராட்சிகள் தனியே கட்டுப்பாடு விதித்திருக்கக்கூடும் என்பதால், உங்கள் ஊரான பிளேனோவின் தீயணைப்புத் துறையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா செய்வதற்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்கு உரிமம் தேவை. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆயுதச் சட்டம், 1959 இன் கீழ் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது அங்கே குற்றம்.

பழைய பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. பிளேட்டுக்கு அடியைச் சுத்தம் செய்யும்போது ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். கையை சோப்பால் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், கராஜில் அணிந்த காலணியைக் கராஜிலேயே விடுங்கள்.

பிளேனோவாசி:

மோட்டார் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். பவுடர் செக் டையும் விளக்கும் முதலில், மேசையைச் சுவரோடு பிணைப்பது அடுத்து. ஸ்பிரிங் வந்ததும் பவுடர் தெறிப்பு எந்த அளவுக்குக் குறைந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.